கோகோனோயே: நான்கு யோகோசுனாக்களின் கூடம்

சுமோவின் உச்சப் பட்டம் யோகோசுனா. 41ஆவது யோகோசுனாவான சியோனோயாமா வளர்ந்த டேவானோஉமி பயிற்சிக்கூடத்தில், பிரிந்துபோய்த் தனிக்கூடம் தொடங்கக் கூடாது என்பது எழுதாச் சட்டம். அதை மீறி 1967இல் வெளியேறி, டோக்கியோவில் கோகோனோயே கூடத்தை நிறுவினார். அவருடன் வந்த கிதானோஃபுஜி 1970இலும், சியோனோஃபுஜி 1981இலும், ஹொகுதோஉமி 1987இலும் யோகோசுனா ஆயினர். நால்வருமே ஹொக்கைடோ தீவினர்.

ஒரே கூடத்தார் ஒருவரோடொருவர் மோதுவதில்லை. முதலிடத்தில் சமநிலை ஏற்பட்டால் மட்டுமே விதிவிலக்கு. 1989 ஜூலையில் நகோயாவில் சியோனோஃபுஜியும் ஹொகுதோஉமியும் அவ்வாறு மோதினர். ஒரே கூடத்து யோகோசுனாக்கள் இருவர் கோப்பைக்காகப் பொருதியது அதுவே முதல்முறை. சியோனோஃபுஜி வென்றார்.

31 கோப்பைகளும் 1,045 வெற்றிகளும் குவித்த அவர், 1992இல் கூடத்தின் தலைமையேற்று 2016இல் மறையும்வரை நடத்தினார். இன்று அவருடைய மாணவர் சியோதைகாய் அப்பொறுப்பைச் சுமக்கிறார்.