ஊர்காண் மரபும் ஆரணி ஜாகீர் அரண்மனைகளும்

முன்னுரை

புதிய நகரொன்றைச் சுற்றிப் பார்ப்பதைத் தனிப் பொருளாகக் கொண்டு ஒரு காதையே அமைத்த பெருமை சிலப்பதிகாரத்திற்கு உண்டு. ஊர்காண் காதையில் கோவலன் யவனர் காவல் புரியும் மதில் வாயிலைக் கடந்து மதுரைக்குள் செல்கிறான். நூலாலும் மயிராலும் பட்டாலும் நெய்த துணிகள் அடுக்கப்பட்ட அறுவை வீதியையும் காண்கிறான். அரண்மனை எழுப்பும் முறையை நெடுநல்வாடை வேறொரு கோணத்தில் காட்டுகிறது. கோல் நட்டு, அதன் நிழலால் திசை அறிந்து, கயிறிட்டு மனை வகுக்கும் நூலறி புலவரை அந்நூல் நம்முன் நிறுத்துகிறது. காண்போன், கட்டுவோன் ஆகிய இருவர் பார்வையும் தமிழுக்குப் பழையன. எனினும் அரசர் வாழ்ந்து நீங்கிய மனைக்குள் குடிமக்கள் நுழைந்து காணும் வழக்கம் அண்மைக் காலத்தது. பட்டு நெசவால் பெயர் பெற்ற ஆரணியில் அவ்வழக்கம் ஏன் வேர்கொள்ளவில்லை என்பதை இக்கட்டுரை விளக்க முற்படுகிறது.

அரண்மனை காட்சிப்பொருளாதல்

ஐரோப்பிய நகரங்களுக்குச் செல்வோர் தவறாது காணும் அரண்மனைகள், அரசர் நீங்கிய மறுநாளே காட்சிக்கூடங்களாகிவிடவில்லை. வெர்சாய் அரண்மனை பிரெஞ்சுப் புரட்சிக்குப் பின் பல ஆண்டுகள் நிலையான பயனின்றிக் கிடந்து, 1837இல் அருங்காட்சியகமாகத் திறக்கப்பட்டது. வியன்னாவின் ஷோன்புரூன் அரண்மனை 1918இல் முடியாட்சி வீழ்ந்தபின் அரசின் உடைமையாயிற்று. 1996இல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் அது இடம்பெற்றது. இரண்டிலும் முதலில் நிகழ்ந்தது உடைமை மாற்றமேயாகும். பராமரிப்பும் நுழைவுச் சீட்டும் வழிகாட்டியின் விளக்கமும் அதன் பின்னரே வந்தன.

தமிழகத்திலும் இதற்குச் சான்றுகள் உள. மதுரைத் திருமலை நாயக்கர் அரண்மனை 19ஆம் நூற்றாண்டில் ஆளுநர் நேப்பியர் காலத்தில் பழுது பார்க்கப்பட்டது. பின்னர் நீண்டகாலம் நீதிமன்றமாக இயங்கியதும் அதன் கூரையைக் காத்தது. தஞ்சை அரண்மனைக்குச் சரசுவதி மகால் நூலகமும் கலைக்கூடமும் வாழ்வளித்தன. அரசர் இல்லாத அரண்மனையைக் காப்பது அழகன்று, அன்றாடப் பயனே என்று கூறத் தோன்றுகிறது.

ஆரணி ஜாகீர்

ஆரணி ஜாகீரின் தொடக்கம் 17ஆம் நூற்றாண்டைச் சார்ந்தது. பிஜப்பூர்ப் படைகளுடன் தெற்கே வந்த ஷாஜி போன்ஸ்லேயின் காலத்தில், வேதாஜி பாஸ்கர் பந்த் என்னும் மராத்தியப் பிராமணருக்கு இந்நிலப்பகுதி அளிக்கப்பட்டது. ஆர்க்காட்டு நவாபின் மேலாண்மையிலும் ஆங்கிலேயர் ஆட்சியிலும் அவருடைய மரபினர் ஜாகீர்தார்களாக நீடித்தனர். கமண்டல நாகநதிக் கரையிலுள்ள ஆரணியின் கோட்டை கருநாடகப் போர்களில் இடம்பெற்றது. 1751 டிசம்பரில் ராபர்ட் கிளைவ், ராஜா சாகிபின் படையையும் அதற்குத் துணைநின்ற பிரெஞ்சுப் படையையும் இங்கு வென்றார். 1782 ஜூனில் ஐதர் அலியும் அயர் கூட்டும் இதனருகே பொருதனர். 1790இல் இறந்த கர்னல் ராபர்ட் கெல்லியின் உயர்ந்த நினைவுச் சின்னமும் இங்குள்ளது. அவர் நோயால் இறக்கவில்லை, உடன் பணியாற்றிய அதிகாரியுடன் நிகழ்ந்த தனிச்சண்டையில் மாண்டார் என்று ஒரு வாய்மொழிக் கதை உண்டு.

ஆரணியை அடுத்த சத்திய விஜய நகரம் ஜாகீர்தார்களின் இருப்பிடமாயிற்று. எசு.வி. நகரம் என்ற சுருக்கப் பெயரே இன்று வழக்கிலுள்ளது. உத்தராதி மடத்துப் பீடாதிபதியாக 18ஆம் நூற்றாண்டில் விளங்கிய சத்திய விஜய தீர்த்தரின் பெயரால் அமைந்த ஊர் இது. அவருடைய பிருந்தாவனமும் இவ்வூரிலேயே உள்ளது. பெயர் மாத்துவ மரபைச் சார, இங்குள்ள அரண்மனையோ தூண் வரிசையாலும் அரைவட்ட வளைவுகளாலும் ஐரோப்பியக் கட்டடக் கலையைச் சாருகிறது. மராத்தி பேசிய அரசகுடி, தமிழ்க் குடிகள், கன்னட நாட்டுத் தொடர்புடைய மடம், ஐரோப்பியத் தோற்றமுடைய மாளிகை ஆகிய நான்கும் ஒரே சிற்றூரில் கூடியிருத்தல் ஆய்வாளர் கவனத்திற்குரியது.

பூசிமலைக்குப்பம் மாளிகை

ஆரணிப் பகுதியின் காட்டோரத்தில், பூசிமலைக்குப்பத்தில் ஜாகீர்தார்களின் மற்றொரு மாளிகை நிற்கிறது. மக்கள் அதனைக் கண்ணாடி மாளிகை என்பர். 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் எழுந்ததாகக் கருதப்படும் இது, வேட்டைக்கும் ஓய்வுக்கும் உரிய இல்லமாகப் பயன்பட்டது. கண்ணாடிகள் கடல் கடந்து வந்தன என்றும், ஜாகீர்தார் தாம் மணந்த ஐரோப்பியப் பெண்ணுக்காக இதனை எழுப்பினார் என்றும் ஊரார் கூறுவர். கண்ணாடிகள் போய்விட்டன, மரத்தளங்கள் சிதைந்துள்ளன, சுவர்களைச் செடிகொடிகள் பற்றியுள்ளன. கதை மட்டும் சிதையாமல் இருக்கிறது. ஐரோப்பிய மனைவி பற்றிய செய்தியை வரலாறாகக் கொள்ள ஆவணச் சான்று வேண்டும். ஆயினும் ஊரார் அக்கதையை விடாமல் சொல்வதற்குக் காரணம் உண்டு. மலையடிவாரத்தில் இத்தகைய கட்டடம் ஏன் நிற்கிறது என்ற வினாவிற்கு வேறு விடை அவர்களுக்கு எவராலும் தரப்படவில்லை.

சட்டங்களின் இடைவெளி

இம்மாளிகைகளின் சிதைவுக்குக் கவனக்குறைவை மட்டும் காரணமாக்குவது போதாது. சென்னை மாகாண எஸ்டேட் ஒழிப்புச் சட்டம் 1948இல் இயற்றப்பட்டது. அதன் 18ஆம் பிரிவு, எஸ்டேட் நிருவாக அலுவலகமாக மட்டும் பயன்பட்ட கட்டடங்களை அரசுக்கு உரியனவாக்கியது. ஏனைய கட்டடங்கள் பழைய உடைமையாளரிடமே நின்றன. நிலவருவாய் நீங்க, அவ்வருவாயை நம்பி எழுந்த பெருமாளிகை மட்டும் குடும்பத்தின் கையில் எஞ்சும் நிலை இதனால் உருவாயிற்று. ஓடு மாற்றவும் சுண்ணாம்பு பூசவும் வேண்டிய செலவை ஈடுசெய்ய வழியில்லை.

தொல்லியல் சட்டமும் அன்று துணைவரக்கூடிய நிலையில் இல்லை. 1958ஆம் ஆண்டின் மத்தியச் சட்டம் நூறாண்டுக்குக் குறையாத பழமையுடையவற்றையே தொன்மைச் சின்னங்களாக ஏற்றது. 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதிக் கட்டடத்திற்கு அப்போது அவ்வயது நிறைந்திருக்கவில்லை. ஜமீன் ஒழிப்புக்கு உட்படும் அளவு பழைய அமைப்பைச் சார்ந்ததும், தொல்லியல் காப்புக்கு வயது போதாததுமான ஒரு தலைமுறைக் கட்டடங்கள் இவ்வாறு நடுவே நின்றுவிட்டன. தமிழகத்தின் பிற ஜமீன் மாளிகைகள் பலவற்றிற்கும் இது பொருந்தும். செட்டிநாட்டு வீடுகளின் போக்கு வேறு. பர்மாத் தேக்கும் இத்தாலியச் சலவைக்கல்லும் கொண்ட அவற்றுள் சில, உரிமையாளரின் முயற்சியால் விடுதிகளாக மாறின. அவற்றைக் காத்தது வணிகமே.

பட்டு வாங்க வருவோர்

ஆரணிக்கு வருவோர் குறைவல்லர். திருமணக் காலங்களில் பட்டுச் சேலை வாங்கக் குடும்பம் குடும்பமாக வருகின்றனர். காஞ்சிப் பட்டோடு ஒப்பிட எடை குறைந்த ஆரணிச் சேலைக்குத் தனி விருப்பம் உண்டு. அதற்குப் புவிசார் குறியீடும் கிடைத்துள்ளது. அவர்கள் கடையில் சேலையை விரித்துப் பார்த்துவிட்டு ஊர் திரும்புகின்றனர். தறிக்குழியையும் பாவு நீட்டும் தெருவையும் கூடப் பெரும்பாலோர் காண்பதில்லை. கோவலன் கண்ட அறுவை வீதி இங்கு உயிருடன் இருக்கிறது; ஊர்காண்போரே இல்லை.

இம்மாளிகைகளுக்கு உடனடியாக வேண்டியவை மூன்று. எஞ்சிய சுவர்களின் அளவு வரைபடம் முதலாவது. கண்ணாடி மாளிகைக் கதையின் பல வடிவங்களை முதியோரிடமிருந்து பதிவு செய்தல் அடுத்தது. ஜாகீர் தொடர்பான மராத்தி, மோடி எழுத்து ஆவணங்களைத் தேடித் தொகுத்தல் மற்றொன்று. மோடி எழுத்தைப் படிக்க வல்லோர் தமிழகத்தில் அருகிவருகின்றனர். ஆகவே முதல் இரண்டையும்விட மூன்றாவதற்கே காலம் குறைவு.