மழைக்கு முன் அந்த அலமாரியைத் திறவுங்கள்

பதுளை நகரிலுள்ள புனித மாற்கு ஆலயம் ஒரு தனி மனிதரின் நினைவாக எழுப்பப்பட்டது. மேஜர் தோமஸ் வில்லியம் ரொஜர்ஸ் இங்கே உதவி அரசாங்க அதிபராகவும் மாவட்ட நீதிபதியாகவும் இருந்தவர். ஆயிரத்துக்கும் மேற்பட்ட யானைகளைச் சுட்டவர் என்று பேர் எடுத்தவர். 1845 ஜூன் 7ஆம் திகதி அப்புத்தளையில் இடி விழுந்து மாண்டார். அவர் பெயர் ஆலயத்துக்குள் கல்வெட்டாக இருக்கிறது. நாளை அந்தக் கல் உடைந்தாலும் பெயர் அழியாது. எத்தனையோ புத்தகங்களில் அச்சேறிவிட்டது. இலங்கையிலுள்ள ஐரோப்பியரின் கல்லறை எழுத்துகளையும் நினைவுக்கல் எழுத்துகளையும் ஊர் ஊராகத் தேடித் தொகுத்து, ஜே. பென்றி லூயிஸ் என்ற சிவில் அதிகாரி 1913இலேயே நூலாக்கிவிட்டார்.

அதே காலத்தில் இதே ஊவா மலைகளுக்கு வந்து, கோப்பிக்காகவும் பிறகு தேயிலைக்காகவும் காடு வெட்டிய தமிழரில் ஞானஸ்நானம் பெற்றவர்களின் பெயர்கள் எங்கே இருக்கின்றன? ஆலயப் பதிவேடுகளில், கையெழுத்தில். பல இடங்களில் அவற்றுக்கு மறுபிரதி கிடையாது.

தோட்டத் தமிழருக்கென்றே ‘தமிழ்க் கூலி மிஷன்’ என்ற பெயரில் ஓர் அங்கிலிக்கன் ஊழியம் 1854இல் தொடங்கியது. மெதடிஸ்த மிஷனும் பின்னால் ஊவாவுக்கு வந்தது. நகரத்து ஆலயம் தாய்ச்சபை. பசறை, லுணுகலை, மடுல்சீமைப் பக்கத் தோட்டங்களுக்கு உபதேசியார் நடந்து போவார், குருவானவர் எப்போதாவது போவார். அவர்கள் சீமைக்கு எழுதிய கடிதங்களும் அறிக்கைகளும் பத்திரமாக இருக்கின்றன: அங்கிலிக்கன் சபையின் சி.எம்.எஸ். ஆவணங்கள் பர்மிங்ஹாம் பல்கலைக்கழகத்தில், மெதடிஸ்த மிஷன் ஆவணங்கள் லண்டனின் சோவாஸ் கல்லூரியில். ஆனால் யார் பிள்ளை, எந்தத் தோட்டம், என்ன பெயர் என்ற விபரம் கப்பலேறவில்லை. அது இங்கேயே, குருமனை அலமாரியில் தங்கிவிட்டது.

அப்படிப்பட்ட ஏடொன்றை மலையகத்துச் சபை ஒன்றில் திறந்து பார்த்திருக்கிறேன். முதுகுத் தோல் செந்தூளாகி விரலில் ஒட்டியது. திகதி, பிள்ளையின் பெயர், தகப்பன், தாய், தோட்டம், தொழில், ஞானப் பெற்றோர், குருவானவர் கையொப்பம் என்று கட்டம் கட்டமாக ஓடுகிறது பக்கம். தொழில் கட்டத்தில் வரிக்கு வரி ‘கூலி’. பெரியவர்களாக ஞானஸ்நானம் பெற்றவர்களின் வரிகளில் பழைய பெயரும் புதுப் பெயரும் அடுத்தடுத்து நின்றன. ஒரு பக்கம் கிழிந்திருந்தது. யாரோ நல்ல மனதோடு செலோடேப் ஒட்டியிருக்கிறார்கள். பசை மஞ்சளாகி, டேப் உரிந்து வரும்போது ஒரு தாயின் பெயரையும் சேர்த்து உரித்துக்கொண்டு வந்திருந்தது. தகப்பன் பெயர் இருக்கிறது, பிள்ளையின் பெயர் இருக்கிறது. அவள் பெயர் அந்தப் பசையோடு போய்விட்டது.

டேப் ஒட்டாத பக்கங்களுக்கும் ஆபத்து உண்டு. அந்தக் காலத்து மை, மாசிக்காய்ச் சாறும் அன்னபேதியும் கலந்தது. அதிலுள்ள அமிலமும் இரும்பும் காலப்போக்கில் காகிதத்தையே தின்னும். ஈரம் ஏறினால் வேகமாகத் தின்னும். பேனா அழுத்திய இடங்களில் எழுத்தின் வடிவத்திலேயே ஓட்டை விழும். 19ஆம் நூற்றாண்டின் பிற்பாதியில் மரக்கூழ்க் காகிதம் பரவியது. அதற்குத் தன்னிலேயே அமிலம். பதுளைக்கோ ஒக்டோபரிலிருந்து ஜனவரி வரை பெருமழை. நனைந்த காகிதத்தில் இரண்டு நாளிலேயே பூஞ்சணம் பிடித்துவிடலாம். செல்லும் வெள்ளிப்பூச்சியும் வேறு.

இவை வெறும் பழைய புத்தகங்கள்தானே என்று கேட்பவர்களுக்கு மலையகத்தின் சரித்திரமே பதில். 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கக் குடியுரிமைச் சட்டம், தகப்பன் இலங்கையில் பிறந்தார் என்றோ, தகப்பன்வழிப் பாட்டனும் பூட்டனும் இங்கே பிறந்தார்கள் என்றோ காட்டச் சொன்னது. லயத்தில் பிறந்தவன் பூட்டனின் பிறப்பத்தாட்சிக்கு எங்கே போவது? அடுத்த ஆண்டு வந்த இந்திய, பாகிஸ்தானியர் சட்டத்தின் கீழ் ஏறத்தாழ 8,25,000 பேருக்காக விண்ணப்பங்கள் போயின. குடியுரிமை கிடைத்தது சுமார் 1,34,000 பேருக்கு. ‘இங்கே இருந்தோம்’ என்பதைக் காகிதத்தில் காட்ட வேண்டியிருந்த சமூகம் இது. 1964 ஒக்டோபர் 30ஆம் திகதி சிறிமா – சாஸ்திரி ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவுக்கும் 3,00,000 பேரை இலங்கைக்கும் என்று பிரித்தது. மிச்சம் 1,50,000 பேரைப் பற்றி 1974இல் முடிவு செய்தார்கள். 2003ஆம் ஆண்டின் 35ஆம் இலக்கச் சட்டம்கூட அதே 1964 ஒக்டோபர் 30ஐத்தான் அளவுகோலாக வைத்தது: அன்று முதல் இங்கே இருந்தவர்களும் அவர்களின் வழிவந்தவர்களும்.

குடியுரிமைக் கதை முடிந்துவிட்டது, காகிதத்தின் தேவை முடியவில்லை. காலங்கடந்து பிறப்பைப் பதியப் போகிறவர் கையில் ஞானஸ்நானச் சான்று இருந்தால் இன்றும் அது உதவும். தோட்டத்துச் சம்பளப் பதிவான செக்ரோலில் மாரியாயி, அடையாள அட்டையில் மேரி என்று இரண்டு பெயரோடு சேமலாப நிதிக்கு அலையும் அம்மாவுக்கு, இரண்டு பெயரும் ஒரே வரியில் நிற்கும் இடம் அந்த ஏடு ஒன்றுதான். ஒப்பந்தத்தில் கப்பலேறி நீலகிரிக்குப் போனவர்களின் பேரப்பிள்ளைகள் கூடலூரிலிருந்தும் கோத்தகிரியிலிருந்தும் தங்கள் தோட்டத்தைத் தேடி வந்தால், அவர்களுக்குக் காட்டவும் வேறு அதிகம் இல்லை.

மற்ற காகிதங்கள் எப்படிப் போயின என்று பாருங்கள். தோட்டங்கள் 1970களில் அரசுடைமையாகி, 1992இல் கம்பனிகளின் நிர்வாகத்துக்குப் போயின. பழைய செக்ரோல்கள் எல்லாத் தோட்டங்களிலும் தங்கவில்லை. 1983 ஜூலையில் பதுளை நகரில் தமிழர் வீடுகளும் கடைகளும் எரிந்தபோது உள்ளே இருந்த பத்திரங்களும் எரிந்தன. 2014 ஒக்டோபர் 29ஆம் திகதி காலை கொஸ்லந்தை மீரியபெத்தையில் மலை சரிந்து லயங்களை மூடியது. உயிர்தப்பியவர்களில் பலரிடம் அடையாள அட்டையும் இல்லை, பிறப்பத்தாட்சியும் இல்லை. 2025 நவம்பர் இறுதியில் டிட்வா புயலோடு வந்த மழையிலும் பதுளை மாவட்டத்தில் பல இடங்களில் மண் சரிந்தது. ஒரே பிரதியை ஒரே அலமாரியில் வைத்திருக்கும் சபைகள் இந்த மலைகளின் நடுவில்தான் இருக்கின்றன.

மழையைவிட மெதுவான ஆபத்துகளும் உண்டு. குருவானவர்கள் இடம் மாறுவார்கள். சாவி யாரிடம் என்பது மறந்துபோகும். நூற்றாண்டு மலர் போடுகிறோம் என்று ஏட்டை வீட்டுக்கு எடுத்துப்போனவர் காலமாகிவிடுவார். நத்தாருக்கு வெள்ளையடிக்கும்போது ‘பழைய கொப்பிகள்’ வெளியே போகும். ஆள் குறைந்து மூடிய தோட்டத்துக் கோயில்களின் ஏடுகள் தாய்ச்சபைக்கு வந்துசேர்ந்தனவா என்று கேட்டால் பல இடங்களில் தெரியாது என்ற தலையாட்டல்தான் பதில். எனக்கு அதிகப் பயம் இதில்தான்.

யாழ்ப்பாணத்திலும் வன்னியிலும் புரொட்டஸ்தாந்து சபைகளின் ஏடுகளைப் பிரிட்டிஷ் நூலகத்தின் திட்டமொன்றின் துணையோடு எண்மப்படுத்தினார்கள். யுத்தம் நடந்த மண்ணில் முடிந்த வேலை பதுளையில் முடியாததல்ல. பெரிய பணத்துக்குக் காத்திருக்கவும் வேண்டாம். சன்னல் பக்கம் மேசை போட்டு, பகல் வெளிச்சத்தில், ஃபிளாஷ் இல்லாமல், அட்டையிலிருந்து கடைசி வெற்றுப் பக்கம் வரை ஒன்றும் விடாமல் போனிலேயே படமெடுக்கலாம். படங்களை மூன்று இடங்களில் வைக்க வேண்டும். ஓரிடமாவது மலைக்கு வெளியே. ஏட்டை லெமினேட் பண்ணவே கூடாது, டேப்பும் கூடாது, வெட்டிப் புதிதாக பைண்ட் செய்யவும் கூடாது. அலமாரியைச் சுவரிலிருந்து ஒரு சாண் தள்ளி, தரைக்கு மேலே தூக்கி வைத்தாலே பாதிச் செல் நின்றுவிடும்.

படமெடுத்தவுடன் முகநூலில் போட்டுவிடவும் வேண்டாம். தகப்பன் பெயர் எழுதாமல் விட்ட வரிகள் அந்த ஏடுகளில் உண்டு, சாதி எழுதிய வரிகள் உண்டு. அவர்களின் பிள்ளைகள் இன்றும் இதே ஊரில் இருக்கிறார்கள். கேட்டு வருபவருக்கு அவர் குடும்பத்து வரியை மட்டும் காட்டினால் போதும்.

ஒக்டோபர் மழைக்கு முன் ஒரு சனிக்கிழமை போதும், முதல் ஏட்டுக்கு. முதலில் எடுக்க வேண்டியது ஆகப் பழையதை அல்ல, மூடிப்போன தோட்டத்துக் கோயிலிலிருந்து வந்த ஏட்டை. அதைத் தேடி வர அங்கே இப்போது சபை இல்லை.