ஏட்டில் விரியும் ஆடரங்கு: குழந்தைகளும் ‘நட்கிராக்கர்’ பாலேயும்

சொல் இன்றிக் கதை சொல்லும் கலை பாலே. மேடையில் தோன்றுவோர் எவரும் வாய் திறந்து பேசுவதில்லை. இசைக்குழு முழங்க, கையும் காலும் முகமும் கொண்டே அன்பும் அச்சமும் போரும் வெற்றியும் காண்போருக்கு உணர்த்தப்படுகின்றன. சித்திரக்கதை நூலோ இதற்கு நேர்மாறானது. அதில் சொல் உண்டு, படம் உண்டு; அசைவு இல்லை, ஓசை இல்லை. அசைவும் ஓசையுமே உயிராகிய ஒரு கலையை, அவ்விரண்டும் அற்ற ஒரு நூலின் வழியாக நான்கைந்து வயதுக் குழந்தைக்கு எவ்வாறு அறிமுகம் செய்வது? மேலைநாட்டுக் குழந்தை நூலாசிரியர்களும் ஓவியர்களும் இவ்வினாவுக்குப் பலவாறு விடை தேடியுள்ளனர். அவர்கள் அடிக்கடி எடுத்தாண்ட ‘நட்கிராக்கர்’ என்னும் பாலேயை முன்வைத்து இதனை ஈண்டு நோக்குவோம்.

நட்கிராக்கர் என்பது கொட்டை உடைக்கும் கருவி. நம் பாட்டியரின் பாக்குவெட்டி போன்றதன்று. போர்வீரன் உருவில் மரத்தால் செதுக்கிய பொம்மை. முதுகுப்புறமுள்ள நெம்புகோலை உயர்த்தினால் பொம்மை வாய் திறக்கும். அக்ரூட் கொட்டையை இட்டு அழுத்தினால் ஓடு உடையும். ஜெர்மனியின் ஏர்ட்ஸ் மலைப்பகுதிக் கைவினைஞர்கள் இத்தகைய பொம்மைகளுக்குப் பெயர் பெற்றவர்கள். இச்செய்தியை முதலில் விளக்காவிடில் குழந்தைக்குக் கதையின் தலைப்பே புதிராகிவிடும்.

கதையை எழுதியவர் ஈ.டி.ஏ. ஹாஃப்மன் என்னும் ஜெர்மானியர், ஆண்டு 1816. கிறிஸ்துமஸ் இரவில் மரீ என்னும் சிறுமிக்கு, அவளுடைய ஞானத்தந்தை டிராசல்மயர் வழியாக இப்பொம்மை கிடைக்கிறது. அழகற்ற பொம்மைதான், எனினும் அவள் அதன்மீது அன்பு கொள்கிறாள். அவளுடைய அண்ணன் ஃபிரிட்ஸ் பெரிய கொட்டைகளை இட்டு அதன் தாடையை உடைத்துவிடுகிறான். நள்ளிரவில் ஏழு தலைகள் கொண்ட எலியரசன் படை திரட்டி வருகிறான். பொம்மைகள் எதிர்த்துப் போரிடுகின்றன. நட்கிராக்கர் தோற்கும் நிலையில் மரீ தன் காலணியைக் கழற்றி எறிகிறாள். அலமாரியின் கண்ணாடியில் கையைக் கிழித்துக்கொண்டு அவள் நோயுற்றுக் கிடப்பதும், அவள் கண்டதைக் கூறும்போது பெரியவர்கள் எவரும் நம்பாது கடிந்துகொள்வதும் மூலக்கதையில் உண்டு. இக்கதையின் உயிர்நிலை இதுவே என்பது நம் கருத்து. தான் மெய்யெனக் கண்டதைப் பெரியவர் பொய்யென்று தள்ளும்போது ஒரு குழந்தை என்ன செய்யும்?

பிரெஞ்சு எழுத்தாளர் அலெக்சாந்தர் டூமா 1844-இல் இக்கதையைத் தம் மொழியில் மென்மையாக்கித் தந்தார். அம்மென்மையான வடிவமே மேடைக்குச் சென்றது. மரியஸ் பெட்டிப்பா காட்சித் திட்டம் வகுத்தார், அவர் நோயுற்றமையால் லெவ் இவானோவ் நடனங்களை அமைத்தார், இசை சாய்கோவ்ஸ்கியினுடையது. 1892 டிசம்பர் 18 அன்று ரஷ்யாவின் செயின்ட் பீட்டர்ஸ்பர்க் நகரத்து மரின்ஸ்கி அரங்கில் அது முதன்முதலில் ஆடப்பெற்றது. அன்றைய திறனாய்வாளர் பலர் அதனைப் பாராட்டவில்லை. மேடை முழுவதும் குழந்தைகளாக இருக்கிறார்களே என்பது அவர்கள் கூறிய குறைகளுள் ஒன்று! அந்தக் குறையே பின்னாளில் அதன் புகழுக்குக் காரணமாயிற்று. அமெரிக்காவில் 1944-இல் சான் பிரான்சிஸ்கோ பாலேயும், 1954-இல் நியூயார்க் நகர பாலேக்காக ஜார்ஜ் பாலன்சினும் முழுமையாக மேடையேற்றிய பின்னர், ஆண்டுதோறும் குழந்தைகளை அழைத்துச் சென்று காட்டும் வழக்கமாகவே அங்கு அது வேரூன்றிவிட்டது.

சித்திரக்கதை எழுதுவோருக்கு இந்தப் பாலேயில் ஓர் இடர்ப்பாடு உண்டு. கதை பாதியிலேயே முடிந்துவிடுகிறது. முதல் அங்கத்தில் விருந்து, போர், பனிப்பொழிவு எல்லாம் நிகழ்கின்றன. இரண்டாம் அங்கமோ இனிப்பு நாட்டில் ஒன்றன்பின் ஒன்றாக வரும் நடனங்களின் அணிவகுப்பே. மேடையில் அது கண்ணுக்கு விருந்து. ஏட்டிலோ, “அடுத்து இவர்கள் ஆடினார்கள், அதற்கடுத்து அவர்கள் ஆடினார்கள்” என்ற பட்டியலாகிக் குழந்தைக்குச் சலிப்பூட்டுகிறது. மற்றொன்று, பொம்மை ஏன் அழகற்றதாயிற்று என்ற வினா. ஹாஃப்மன் கதைக்குள் கதையாகப் பிர்லிபாத் என்னும் இளவரசியின் வரலாற்றையும், எளிதில் உடையாத கொட்டை ஒன்றின் வரலாற்றையும் கூறி இதற்கு விடை தந்தார். பாலே அதனை விட்டுவிட்டது. குழந்தைகள் விடுவதில்லை, முதல் வாசிப்பிலேயே கேட்டுவிடுகிறார்கள்.

இக்குறையை நன்கு உணர்ந்தவர் மொரீஸ் சென்டாக். 1963-இல் வெளிவந்த ‘வேர் த வைல்டு திங்ஸ் ஆர்’ என்னும் சித்திரக்கதையால் உலகப் புகழ் பெற்ற ஓவியர் அவர். சியாட்டில் நகரத்துப் பசிபிக் நார்த்வெஸ்ட் பாலே, நட்கிராக்கருக்குக் காட்சியமைக்க அழைத்தபோது, வழக்கமான சர்க்கரைப் பாகு அவருக்குப் பிடிக்கவில்லை; தயங்கினார். பின்னர் நடன ஆசிரியர் கென்ட் ஸ்டோவெலுடன் சேர்ந்து ஹாஃப்மனின் மூலத்துக்கே திரும்பிச் சென்றார். 1983-இல் அது மேடையேறியது. மறு ஆண்டே, ரால்ஃப் மான்ஹைமின் ஆங்கில மொழிபெயர்ப்புடன் சென்டாக்கின் ஓவியங்கள் நூலாயின. மேடைக்காக வரைந்தவை ஏட்டுக்கு வந்தன எனலாம். அதே அரங்கில் 2015-இல் பாலன்சினின் வடிவம் இடம்பெற்றபோது, அதற்குக் காட்சியமைத்த இயன் ஃபால்கனரும் ‘ஒலிவியா’ என்னும் பன்றிக்குட்டிச் சித்திரக்கதைகளைப் படைத்தவரே. ஏட்டுக்கும் மேடைக்கும் உள்ள உறவு அத்துணை நெருக்கமானது.

நம் கல்லூரிச் சூழலில் சற்று நின்று பேசவேண்டிய இடம் ஒன்று இங்குண்டு. இனிப்பு நாட்டு நடனங்களுள் சாக்லேட் ஸ்பெயின் நாட்டையும், தேநீர் சீனத்தையும், காப்பி அரபு நாட்டையும் குறிக்கின்றன. அரபு நடனம் எனப்படும் அந்தக் காப்பி நடனத்தின் இசை அரபு இசையன்று. ஜார்ஜியா நாட்டுத் தாலாட்டு ஒன்றைத் தழுவியது. காப்பி யெமன் நாட்டிலிருந்து உலகுக்குப் பரவியது என்பது வரலாறு. அங்குள்ள சூஃபியர் இரவு வணக்கத்தில் விழித்திருக்க அதனை அருந்தினர். ஆனால் பல மேடைகளிலும் ஏடுகளிலும் அரபு என்றவுடன் தோன்றுவது மெல்லாடை உடுத்து நெளியும் பெண்ணுருவமே. கிழக்கு நாடுகளைப் பற்றி ஐரோப்பியர் தீட்டிய கற்பனைச் சித்திரங்களை எட்வர்டு சயீத் 1978-இல் விரிவாக ஆராய்ந்தார். அதற்குச் சிறியதோர் எடுத்துக்காட்டாக இந்நடனத்தைக் கொள்ளலாம். சென்டாக்–ஸ்டோவெல் வடிவத்தில் அவ்விடத்தில் ஒரு மயில் ஆடியது; எனினும் இரண்டாம் அங்கம் முழுவதும் ஒரு பாஷாவின் அரண்மனையாகவே இருந்தது. சீன நடனத்தின் ஒப்பனையையும் அசைவுகளையும் நியூயார்க் நகர பாலே 2017-இல் மாற்றியமைத்தது. இதற்காக நூலையே மறைத்துவைக்க வேண்டியதில்லை. அப்பக்கம் வரும்போது, “இவ்வாறு வரைந்தவர் அரபு நாட்டைப் பார்த்ததில்லை போலும், நாம் ஒரு யெமன் காப்பிக் கடையை வரைந்து பார்ப்போமா?” என்று கேட்டால் போதும். குழந்தைக்கு அது விளையாட்டு, வண்ணப்பென்சிலை எடுத்துவிடும்.

இனி வாசிக்கும் முறை. முதலில் கதையை வாய்மொழியாகக் கூறிவிடுவது நலம். அடுத்து நூல். ஏட்டைப் புரட்டுவதுதான் இங்குத் திரை விலகுவது. ஆதலின் விரைந்து புரட்டலாகாது. கூடத்திலுள்ள மரம் வளர்ந்து வளர்ந்து மேற்கூரையைத் தொடும் காட்சியில், அடுத்த பக்கத்தைச் சற்று மறைத்துப் பிடித்துக் காக்கவைக்கலாம். மூன்றாவதாக இசை. முழுப் பாலேயும் ஏறத்தாழ ஒன்றரை மணி நேரம். அவ்வளவும் குழந்தைக்கு வேண்டா. சாய்கோவ்ஸ்கியே எட்டுப் பகுதிகளைத் தொகுத்து, இசையரங்குக்கென ஒரு சிறு தொகுப்பு அமைத்தார். அதிலும் சர்க்கரைக்கனித் தேவதையின் நடனம் ஒன்றே முதல் நாளுக்குப் போதுமானது. அதில் ஒலிப்பது செலஸ்டா என்னும் கருவி. பியானோ போன்ற கட்டைகளை அழுத்த, உள்ளே சுத்தியல்கள் உலோகத் தகடுகளைத் தட்டும். பளிங்கு மணிபோல ஒலிக்கும். பாரிஸில் அதனைக் கண்ட சாய்கோவ்ஸ்கி, ரிம்ஸ்கி-கோர்சகோவும் கிளாசுனோவும் முந்திக்கொள்ளக் கூடும் என அஞ்சி, ஓசையின்றி வாங்கி அனுப்புமாறு தம் பதிப்பாளருக்கு எழுதினார். பெரியவர்களின் இந்தப் பிள்ளைத்தனத்தைக் கேட்டால் குழந்தைகள் வாய்விட்டுச் சிரிப்பார்கள்.

இசை ஒலிக்கும்போது குழந்தை எழுந்து ஆடத் தொடங்கினால் நூலை மூடிவிடலாம். மீண்டும் அமர்ந்தபின் தொடர்ந்தால் போயிற்று. பனிப்பொழிவுக் காட்சியில் சொற்களின்றி ஒரு குழுப்பாடல் வரும். பேச்சே இல்லாத பாலேயில் மனிதக் குரல் கேட்கும் அரிய இடம் அது. அங்கு வாசிப்பவரும் பேசாதிருத்தல் வேண்டும்.

நூலைத் தேர்ந்தெடுக்கும்போது எலியரசனின் படத்தைப் பார்த்துவிடுவது நம் வழக்கம். ஹாஃப்மன் ஏழு தலைகள் என எழுதினார். மேடைகள் பலவற்றில் வசதி கருதி ஒரு தலையே உண்டு. மேடையைப் பின்பற்றிய நூல்களிலும் அப்படியே. ஏழையும் வரைந்த ஓவியரின் நூல் கிடைத்தால் அதனையே வாங்குவோம். குழந்தைகள் அப்பக்கத்தில் விரலை வைத்து எண்ணத் தொடங்குவார்கள். ஏழு வரும்வரை அடுத்த பக்கத்துக்குப் போகவிடமாட்டார்கள்.