630 மைல் தொடர்கதை

தொடர்கதை படிக்கிற வழக்கம் உங்களுக்கு உண்டல்லவா? கதாநாயகி ரயிலடியில் தனியாக நிற்கிறாள். பின்னாலிருந்து யாரோ பெயர் சொல்லிக் கூப்பிடுகிறார்கள். உடனே 'தொடரும்' என்று போட்டுவிடுகிறார்கள்! நடுவில் ஏழு நாள் சமையல், குழந்தைகளின் பரீட்சை, சொல்லாமல் வந்த விருந்தாளிகள். ஆனாலும் அடுத்த வாரம் விட்ட இடத்தில் சரியாகப் பிடித்துக்கொண்டு விடுகிறீர்கள்.

இதே மாதிரி தவணை தவணையாக நடந்து முடிக்கிற பாதை ஒன்று இங்கிலாந்தில் இருக்கிறது. அந்தத் தேசத்தின் தென்மேற்கு மூலை, காலை நீட்டினாற்போல அட்லாண்டிக் சமுத்திரத்துக்குள் நீண்டு கிடக்கிறது. அந்தக் காலின் இரு பக்கமும் கடலை ஒட்டியே போகிறது 'ஸௌத் வெஸ்ட் கோஸ்ட் பாத்'. மைன்ஹெட் என்ற ஊரில் ஆரம்பித்து, பூல் துறைமுக வாயிலில் உள்ள ஸௌத் ஹேவன் முனையில் முடிகிறது. மொத்தம் 630 மைல். அதாவது 1,014 கிலோமீட்டர்!

தூரமாவது பரவாயில்லை. ஒவ்வோர் ஓடையும் கடலில் விழும் இடத்தில் ஒரு பள்ளம். இறங்க வேண்டும், மறுபடி ஏற வேண்டும். ஏறியதையெல்லாம் கூட்டினால் சுமார் 35,000 மீட்டர். எவரெஸ்டைப் போல ஏறக்குறைய நாலு மடங்கு!

"ஐயையோ, யாரால் முடியும்?" என்கிறீர்களா? ஒரே மூச்சில் நடப்பதானால் ஏழெட்டு வாரமாகும். அவ்வளவு நாள் வீட்டுச் சாவியை யாரிடம் கொடுத்துவிட்டுப் போவது? அங்கேயும் உத்தியோகம் உண்டு, குழந்தைகள் உண்டு, முழங்கால் வலியும் உண்டு. ஆகவே அநேகம் பேர் இந்த வருஷம் ஒரு வாரம், அடுத்த வருஷம் ஒரு வாரம் என்று துண்டு துண்டாக நடக்கிறார்கள். காலையில் நடக்க ஆரம்பித்து, மாலையில் எந்த ஊரை எட்டினார்களோ அங்கிருந்து பஸ் ஏறித் தங்கும் இடத்துக்குத் திரும்பிவிடுகிறார்கள். அடுத்த தடவை அதே இடத்தில் இறங்கி நடையைத் தொடர்கிறார்கள். வழி தப்பாமலிருக்கக் கம்பங்களில் ஓக் மரத்துக் கொட்டை ஒன்றைச் சின்னமாகப் பொறித்திருக்கிறார்கள்.

கள்ளக் கடத்தல் தந்த வழி

நேராகப் போகாமல் இந்தப் பாதை ஏன் ஒவ்வொரு குடாவுக்குள்ளும் எட்டிப் பார்க்கிறது தெரியுமா? ஒரு காலத்தில் பிராந்தி, புகையிலை, தேயிலை எல்லாம் வரி கட்டாமல் இரவோடிரவாகக் கரையேறின. 1822-ல் ஏற்பட்ட கடலோரக் காவல் படையின் சேவகர்கள் கள்ளக் கடத்தல்காரர்களைத் தேடி, ஒரு மூலை விடாமல் நடந்தார்கள். அவர்களுடைய கால்கள் போட்ட தடம்தான் பின்னால் பாதையாயிற்று. கார்ன்வால் பகுதி 1973-லும், கடைசிப் பகுதிகள் 1978-லும் அதிகாரபூர்வமாகத் திறக்கப்பட்டன.

கார்ன்வாலில் செங்குத்தான பாறை விளிம்புகளில், மூடிப்போன தகரச் சுரங்கங்களின் புகைபோக்கிகள் இன்றும் நிற்கின்றன. அந்தச் சுரங்கத் தொழிலாளிகளுக்குப் பெண்கள் கட்டிக் கொடுத்த பலகாரம் 'பாஸ்டி'. நம் சோமாசியை உள்ளங்கையை விடப் பெரிதாகச் செய்து, தேங்காய்ப் பூரணத்துக்குப் பதில் மாட்டிறைச்சி, உருளைக்கிழங்கு, வெங்காயம் வைத்து மூடினால் எப்படியோ, அப்படி! நடக்கிறவர்கள் இன்றைக்கும் பாறைமேல் உட்கார்ந்து அதைத்தான் சாப்பிடுகிறார்கள்.

இரண்டு பெண்கள்

போர்த்கர்னோ என்ற சிறு கடற்கரை நமக்கும் கொஞ்சம் உறவு. 1870-ல் இந்தியாவோடு இங்கிலாந்தை இணைத்த கடலடித் தந்திக் கம்பி கரையேறிய இடம் அது. அங்கிருந்து செங்குத்தான படிகளில் ஏறினால் மினாக் திறந்தவெளி நாடக அரங்கம். கடலே அதற்குப் பின்திரை! இதைக் கட்டியவர் ரொவீனா கேட் என்ற பெண்மணி. தம் தோட்டத்துக்குக் கீழேயிருந்த பாறைச் சரிவில், தோட்டக்காரர்களின் துணையோடு கல்லை நகர்த்தினார். கடற்கரையிலிருந்து மணலைத் தாமே சுமந்து வந்தார். 1932-ல் முதல் நாடகம் நடந்தது. அப்புறமும் நிறுத்தவில்லை. கோடையில் நாடகம், குளிர்காலத்தில் கட்டட வேலை என்று எண்பது வயதைத் தாண்டியும் உழைத்தார். அவர் கட்டியதும் தவணை முறையில்தான்!

டார்ஸெட் பகுதியிலுள்ள லைம் ரீஜிஸ் ஊரில் மேரி ஆனிங் பிறந்தாள். தச்சருடைய பெண். தகப்பனார் இறந்தபின் பாறையில் புதைந்த எலும்புகளைத் தோண்டி விற்றுக் குடும்பத்துக்கு உதவினாள். 1823-ல் அவள் வெளியே கொண்டுவந்த நீண்ட கழுத்துக் கடல் மிருகத்தின் எலும்புக்கூடு விஞ்ஞானிகளையே திகைக்க வைத்தது. ஆனால் லண்டன் புவியியல் கழகம் அக்காலத்தில் பெண்களை அங்கத்தினராகச் சேர்க்கவில்லை. ஒரு பள்ளிச் சிறுமி தொடங்கிய முயற்சியால் 2022-ல் அவளுக்கு அவ்வூரில் சிலை எழுந்தது.

காத்திருக்கவும் தெரிய வேண்டும்

வழியில் குறுக்கிடும் ஆறுகளைத் தாண்டப் பல இடங்களில் படகு உண்டு. எர்ம் ஆற்றில் மட்டும் படகும் இல்லை, பாலமும் இல்லை. கடல் நன்றாக வற்றும் நேரத்துக்கு ஒரு மணி முன்னும் பின்னும்தான் தண்ணீரில் இறங்கி நடக்கலாம். அவசரப்பட்டால் ஆபத்து. நேரம் தப்பினால் கரையில் உட்கார்ந்திருக்க வேண்டும், அல்லது பல மைல் சுற்ற வேண்டும்.

கடல் அரித்துச் சில இடங்களில் பாறை சரிந்துவிடுவதும் உண்டு. அப்போது பாதையைச் சற்று உள்ளே தள்ளிப் போடுகிறார்கள். சில வருஷம் கழித்து வருகிறவர், தாம் முன்பு நடந்த இடம் கடலுக்குள் போயிருக்கக் காணலாம். அதனால் என்ன? சின்னத்தைப் பார்த்துப் புது வழியில் தொடர்கிறார்.

நம்மில் எத்தனை பேர் பாதியில் விட்ட வீணைப் பாடத்தையும், எழுதாமல் போன பரீட்சையையும் நினைத்து, "இனிமேல் எங்கே?" என்று பெருமூச்சு விடுகிறோம்! விட்டது தவறல்ல. எந்த இடத்தில் விட்டோம் என்பதை மறந்துபோவதுதான் தவறு. அதை மட்டும் ஒரு நோட்டில் குறித்து வைத்துக்கொள்ளுங்கள்.

என்ன, அடுப்பில் பால் பொங்குகிறதா? போய்ப் பார்த்துவிட்டு வாருங்கள். பாதை காத்திருக்கும், கொஞ்சம் தள்ளிப் போயிருந்தாலும்!