பேரங்காடிகளும் சிறு வழங்குநர்களும்: சட்டம் தரும் பாதுகாப்பு

சபையில் உணவுத் தொழிலாகப் பதிவு செய்து, வீட்டுச் சமையலறையிலோ சிறு தொழிற்கூடத்திலோ மிளகாய்த்தூள், ஊறுகாய், சம்பல் முதலியவற்றைத் தயாரிக்கும் ஒருவருக்கு, பேரங்காடி ஒன்றில் தமது பொருள் இடம்பெறுவது பெரும் வாய்ப்பாகும். ஆயினும், வருமானத்தின் பெரும்பகுதி ஒரே நிறுவனத்தில் தங்கிவிடும்போது, அது பணத்தைத் தாமதித்தாலும் காரணமின்றிக் கழித்தாலும் சிறு வழங்குநர் வாய்திறக்கத் தயங்குவர். அடுத்த ஓடர் கிடைக்காமற் போய்விடும் என்னும் அச்சமே இதற்குக் காரணம். இந்த அச்சத்தைக் கருத்திற்கொண்டே பிரித்தானியச் சட்டம் சில பாதுகாப்புகளை வகுத்துள்ளது.

விதிமுறை யாருக்குப் பொருந்தும்?

மளிகைப் பொருள் வழங்கல் தொடர்பான நடத்தை விதிமுறை 2010 பெப்ரவரியில் நடைமுறைக்கு வந்தது. ஆண்டுக்கு 100 கோடி பவுணுக்கு மேல் மளிகை விற்பனை செய்வனவாகப் பெயர் குறிக்கப்பட்ட நிறுவனங்களை இது கட்டுப்படுத்தும். டெஸ்கோ, செயின்ஸ்பரிஸ், அஸ்டா, மொரிசன்ஸ், அல்டி, லிடில் ஆகியன அவற்றுட் சில. இதனைக் கண்காணிக்கும் ‘குரோசரீஸ் கோட் அட்ஜுடிகேட்டர்’ என்னும் நடுவர் பதவி 2013ஆம் ஆண்டுச் சட்டத்தால் உருவாக்கப்பட்டது.

வழங்குநரின் உரிமைகள்

• உடன்படிக்கையின் நிபந்தனைகள் யாவும் எழுத்தில் இருத்தல் வேண்டும். அதன் பிரதி வழங்குநருக்குக் கொடுக்கப்படல் வேண்டும்.
• உரிய பணம் தாமதமின்றிச் செலுத்தப்படல் வேண்டும்.
• கடையினுள் களவுபோன அல்லது காணாமற்போன பொருளுக்கு வழங்குநரிடம் பணம் கேட்கலாகாது.
• பொருளைக் கொள்வனவு செய்வதை நிறுத்துவதாயின், உண்மையான வணிகக் காரணமும் நியாயமான கால எழுத்துமூல அறிவித்தலும் வேண்டும்.

பொருளின் விலை எவ்வளவு என்பதை இவ்விதிமுறை தீர்மானிப்பதில்லை. அது இரு தரப்பினரின் பேச்சுக்கு உரியது.

முறையிடும் வழி

ஒவ்வொரு பேரங்காடியிலும் விதிமுறைக்குப் பொறுப்பான அலுவலர் ஒருவர் உள்ளார். கொள்வனவு அலுவலருடன் பேசியும் தீராத பிணக்கை அவரிடம் கொண்டுசெல்லலாம். அதன் பின்னரும் தீராவிடின் நடுத்தீர்ப்பைக் கோரலாம். பெயர் வெளிவருவதை விரும்பாதோர் நடுவர் அலுவலகத்துக்குத் தகவல் மட்டும் வழங்கலாம். அவர்களின் அடையாளத்தை அனுமதியின்றி வெளியிடுவதைச் சட்டம் தடுக்கிறது.

இத்தகைய தகவல்கள் வீண்போவதில்லை. டெஸ்கோ தனது நிதிநிலையை மேம்படுத்திக் காட்டுவதற்காக வழங்குநருக்குரிய பணத்தைத் தெரிந்தே தாமதித்தது என 2016 சனவரியில் நடுவர் அறிவித்தார். அக்காலப்பகுதிக்கு அபராதம் விதிக்கும் அதிகாரம் அவருக்கு இருக்கவில்லை. இன்று, பிரித்தானிய விற்பனை வருவாயின் 1 சதவீதம் வரை அபராதம் விதிக்க அவரால் இயலும்.

விதிமுறைக்கு வெளியே

பேரங்காடிக்கு நேரடியாக வழங்குவோரை மட்டுமே இவ்விதிமுறை காக்கிறது. மொத்த வணிகர் ஊடாகவோ அயலிலுள்ள சிறு கடைகளுக்கோ விற்போருக்கு 1998ஆம் ஆண்டின் தாமதக் கொடுப்பனவுச் சட்டம் துணைநிற்கும். கொடுப்பனவுக் காலம் உடன்பட்டிராவிடின், இன்வொய்ஸ் கிடைத்த நாள், பொருள் ஒப்படைத்த நாள் ஆகிய இரண்டில் பிந்தியதிலிருந்து 30 நாட்கள் கடந்ததும் கொடுப்பனவு தாமதமானதாகக் கொள்ளப்படும். அதற்கு, இங்கிலாந்து வங்கியின் அடிப்படை வீதத்துக்கு மேல் 8 சதவீத வட்டி கோரலாம்.

எவ்வழியை நாடினும் சான்று அவசியம். தொலைபேசியில் பேசியவற்றை அன்றே மின்னஞ்சலில் உறுதிப்படுத்துவதும், ஒப்படைப்புச் சீட்டுகளைத் திகதிவாரியாகப் பேணுவதும் சிறு வழங்குநரின் கையிலுள்ள முதற் பாதுகாப்பாகும்.