தாளத்துக்குக் கிடைக்காத பங்கு

லண்டனில் 1966-இல் எரிக் கிளாப்டன், ஜாக் புரூஸ், ஜிஞ்சர் பேக்கர் ஆகிய மூவர் தொடங்கிய 'கிரீம்' இசைக்குழு, கறுப்பின அமெரிக்கர்களின் புளூஸ் இசையைச் சைகடெலிக் ராக் பாணியில் வார்த்துப் பெரும்புகழ் பெற்றது. 1968 நவம்பரிலேயே மேடையிலிருந்து விடைபெற்றது.

பாடகர் புரூஸுக்கும் டிரம்ஸ் கலைஞர் பேக்கருக்கும் பழம்பகை உண்டு. பிற்காலத்தில் பதிப்புரிமைக் கணக்கும் அதில் கசப்பைக் கூட்டியது. இசைத்தட்டு விற்பனையில் மூவருக்கும் பங்குண்டு. ஆனால், பாடலை வேறொருவர் பாடினால் வரும் தொகை, வரிகளையும் மெட்டையும் இயற்றியவருக்கே சேரும். 'ஒயிட் ரூம்' பாடல் புரூஸ், கவிஞர் பீட் பிரவுன் பெயர்களில் பதிவானது. அதன் முகப்பிலுள்ள ஐந்தெண்ணிக்கைத் தாளம் தன்னுடையதே என்று பேக்கர் குமுறினார். தாளத்தைப் படைப்பாக மதிக்கத் தயங்கும் இவ்வேற்பாடு, உழைப்பின் ஒரு கூறை விலையற்றதாக்குகிறது என்பதே என் கருத்து.

2005-இல் மூவரும் மீண்டும் இணைந்தனர். லண்டன், நியூயார்க் நிகழ்ச்சிகளோடு அதுவும் முடிந்தது.