ஒன்றையொன்று அறியாத கருவிகள்

ஒரு நோயாளியின் கட்டிலைச் சூழ்ந்து நிற்குங் கருவிகள் பலவாயினும் அவை காக்க முயல்வது ஓருயிரையே. இதயத் துடிப்பை ஒன்று எண்ணும். குருதியமுக்கத்தை ஒன்று அளக்கும். மருந்தைத் துளித்துளியாகச் செலுத்தும் பம்பி ஒன்று. மூச்சை ஊட்டும் யந்திரம் ஒன்று. இவற்றுள் ஒன்று அறிந்ததை மற்றொன்று அறியுமா என்னும் வினா நம்மிற் பலருக்கு எழுவதில்லை. ஒரே உடம்பிலே பூட்டப்பட்டனவாதலின் அவை தம்முள் உறவுடையன என்றே எண்ணுகிறோம். அவ்வெண்ணம் பெரும்பாலும் தவறானது.

எனக்கு இது தெரியவந்த கதையைச் சொல்லிவிடுகிறேன். சில ஆண்டுகளுக்கு முன் என் வாப்பா ஒரு வைத்தியசாலையின் விடுதியிலே நோயுற்றுக் கிடந்தார். வலக்கையின் மேற்பகுதியிற் குருதியமுக்கம் அளக்கும் பட்டி. அதே கையின் சுட்டுவிரலிலே குருதியின் ஒட்சிசனை அளக்குஞ் சிறு கவ்வி. பதினைந்து நிமிடத்துக்கொருமுறை பட்டி காற்றால் உப்பிக் கையை இறுக்கும். உடனே கவ்வியின் மணி அலறும். முதன்முறை தாதி ஓடிவந்தார். நான்காம் முறை தலையைத் திருப்பிப் பார்த்தார். நள்ளிரவளவில், “அது பட்டி இறுக்குவதால் வருஞ் சத்தந்தான்” என்று அடுத்த கட்டிலாருக்கு நானே விளக்கஞ் சொல்லத் தொடங்கிவிட்டேன். விடியற்புறம் மணி மீண்டும் ஒலித்தது. அப்போது பட்டி தளர்ந்தே கிடந்தது. நான் எழவில்லை, எவரும் எழவில்லை. அடுத்த கட்டிலாரின் மனைவியே வாப்பாவின் உதட்டு நிறம் மாறியதைக் கண்டு கூக்குரலிட்டார். அன்று அவர் பிழைத்தார். ஆயினும் அந்த இரண்டு மூன்று நிமிடங்களுக்கு நான் இன்றும் என்னையே நொந்துகொள்கிறேன்.

இதன் காரணம் எளியது. யப்பானிய பொறியியலாளர் தக்குவோ அஓயாகி 1970களின் தொடக்கத்திற் கண்ட தத்துவத்தின்படி, கவ்வியானது செவ்வொளியையும் செங்கீழ்க் கதிரையும் விரலினூடே செலுத்துகின்றது. ஒட்சிசனைச் சுமந்த ஈமோகுளோபினும் சுமவாத ஈமோகுளோபினும் அவ்விரு கதிர்களையும் வெவ்வேறளவில் உறிஞ்சும். நாடி துடிக்குந்தோறும் அவ்வுறிஞ்சல் மாறுவதைக் கொண்டே கணக்கிடப்படுகிறது. நாடி இல்லையேற் கணக்கும் இல்லை. பட்டி இறுகியதும் விரலுக்குச் செல்லும் குருதி தடைப்பட, ‘நாடியில்லை’ என்று கவ்வி அலறுகிறது. தான் இறுக்கப்போவதைப் பட்டி முன்னரே அறியும். அச்செய்தியைக் கவ்விக்கு ஒருசொல்லாற் சொல்லியிருப்பின் அவ்விரவிற் பொய்மணிகள் பல அடங்கியிருக்கும், மெய்மணிக்கு மதிப்பிருந்திருக்கும். பொய்யொலிகளாற் செவி மரத்துப்போதல் உலகெங்குமுள்ள குறையே. அமெரிக்காவில் வைத்தியசாலைகளின் தரத்தை மதிப்பிடும் கூட்டு ஆணைக்குழு, எச்சரிக்கை மணிகளை ஒழுங்குபடுத்துதலை 2014 முதல் ஒரு தேசியக் குறிக்கோளாக வைத்தது.

மாணவர் கணித்துப் பார்க்கத்தக்க ஓர் உதாரணமுமுண்டு. தீவிர சிகிச்சையிலே நாடிக்குள் நேரே குழாய் செலுத்தி, நீர் நிரம்பிய அக்குழாயின் மறுமுனையில் அமுக்கமானியை இதயத்தின் மட்டத்துக்குச் சமனாக ஒரு கம்பத்தில் நிறுத்துவர். யாரேனும் மின்கட்டிலை 30 சென்றிமீற்றர் உயர்த்தி, மானியை உயர்த்த மறந்துவிடின் என்னாகும்? 300 மில்லிமீற்றர் நீர்நிரலை இரசத்தின் சாரடர்த்தியாகிய 13.6ஆற் பிரிக்க, ஏறக்குறைய 22 வரும். நோயாளியின் குருதியமுக்கம் அணுவளவும் மாறாதிருக்க, மானியோ 22 மில்லிமீற்றர் இரசம் கூடியதாகக் காட்டும். உண்மையிலே தாழ்ந்துள்ள அமுக்கம் நலமெனத் தோன்றிவிடும். கட்டில் தன் உயரமாற்றத்தை மானிக்கு அறிவிக்க வழியிருப்பின் இப்பிழை நேராது.

பிழை உயிரைக் கவர்ந்த சம்பவமொன்று அமெரிக்க மயக்கமருந்துப் பாதுகாப்பு நிறுவனத்தின் ஏட்டில் 2004இல் வெளிவந்தது. பித்தப்பைச் சத்திரசிகிச்சைக்குள்ளான 32 வயதுப் பெண்ணொருவருக்கு இடையிலே எக்ஸ்றேப் படம் எடுக்கவேண்டியிருந்தது. நெஞ்சு அசைந்தாற் படம் கலங்குமாதலின் மயக்கமருந்து வைத்தியர் சுவாச யந்திரத்தைச் சில கணம் நிறுத்தினார். படத்தகடு மேசையின் கீழே சிக்கிக்கொண்டது. அதனை எடுக்க அவரும் உதவினார். தகடு வந்தது, யந்திரம் மீண்டும் இயக்கப்படவில்லை. அப்பெண் இறந்தார். குற்றவாளியைத் தேடுவோர் அவ்வைத்தியரையே சுட்டுவர். என் மனமோ அதற்கு ஒருப்படவில்லை. மறதி மனிதவியல்பு. மருதமுனைத் தறியிலே மிதியை மிதித்துப் பாவு பிரிந்த பின்னரே ஓடம் பாயவேண்டும். அவ்விரண்டையும் பொருத்துவது நெசவாளரின் உடல். அவர் தவறின் அறுவது நூல். சத்திரசிகிச்சைக் கூடத்தில் அப்பொருத்தம் முழுவதையும் களைத்த ஒருவரின் நினைவிலே தொங்கவிடுதல் தகுமா? எக்ஸ்றேக் கருவி சுவாச யந்திரத்தோடு பேசவல்லதாயின், மூச்சு வெளியேறி நெஞ்சு அசைவற்றிருக்கும் கணத்தை அறிந்து படமெடுக்கும். யந்திரத்தை நிறுத்தவே வேண்டியதில்லை. பொஸ்ரன் நகரின் மாசச்சூசெற்ஸ் பொது வைத்தியசாலையைச் சேர்ந்த மயக்கமருந்து வைத்தியர் யூலியன் கோல்ட்மன், 2004இல் தொடங்கிய ஆய்வுத்திட்டத்திலே இதனைச் செய்துகாட்ட முனைந்தார்.

வலிநீக்கும் மோபீன் பம்பியும் அத்தகையதே. நோயாளி பொத்தானை அழுத்தினால் மருந்து செல்லும். மருந்து மிகுந்தால் மூச்சு அடங்கும். நோயாளி உறங்கினால் அழுத்தமாட்டார் என்பது அதன் காவல்களுள் ஒன்று. அன்புமிக்க உறவினர் ‘பாவம்’ என்று தாமே அழுத்திவிடுவதுண்டு. ஒட்சிசன் குறைவதை விரற்கவ்வி கண்டாலும் பம்பியை நிறுத்த அதற்குப் பெரும்பாலும் அதிகாரமில்லை.

சேரவேண்டியன சேராமை ஒருபுறம். சேரத்தகாதன சேர்தல் மறுபுறம். சிறு வாயு உருளைகளின் வாயிலே துளைகளும் நுகத்திலே முளைகளும் அமைக்கும் முறை 1950களில் வந்தது. ஒட்சிசனுக்கு 2ஆம், 5ஆம் இடங்கள். நைத்திரசு ஒட்சைட்டுக்கு 3ஆம், 5ஆம் இடங்கள். இருட்டிற் பொருத்தினும் ஒன்று மற்றொன்றின் இடத்திற் பொருந்தாது. இத்தகைய காவல் எல்லாக் கட்டத்திலும் இல்லை என்பதற்கு நாகர்கோவில் சான்று. அங்கே 2011இல் ஓர் அரசு மருத்துவமனையில் ஒட்சிசனுக்குப் பதிலாக நைத்திரசு ஒட்சைட்டு செலுத்தப்பட்ட இளம்பெண் நினைவிழந்து, அடுத்த ஆண்டு இறந்தார். உயர்நீதிமன்றத்தின் மதுரைக் கிளை நட்டஈடு வழங்கக் கட்டளையிட்டது.

இக்கருவிகள் பேசாமைக்குக் காரணம் அறிவுக்குறையன்று, வாணிகமே. ஒவ்வொரு கம்பனியும் தன் கருவிக்குத் தனிமொழி வைத்துக்கொண்டால் வாங்கியவர் வேறிடம் செல்லார். படங்களைப் பொறுத்தவரை இத்தடை உடைந்துவிட்டது. டைக்கொம் என்னும் பொதுநியமம் 1993இல் அப்பெயரோடு வந்தபின் ஒருவர் செய்த கருவியின் படத்தை மற்றொருவரின் திரையிற் காணமுடிகிறது. கட்டிலருகுக் கருவிகளுக்கோ வழி கரடானது. அவற்றை இணைக்குஞ் சூழலுக்கான அமெரிக்க நியமம் 2009இல் வெளியிடப்பட்டது. 11073 என்னும் எண்ணுடைய நியமக் குடும்பமும் வளர்ந்து வருகிறது. இணைப்பிலும் ஆபத்துண்டு என்பதை மறைத்தலாகாது. படத்தகடு தவறினால் மீண்டும் எடுக்கலாம். பம்பிக்குப் பொய்ச்செய்தி சென்றால் மருந்து செல்லும், அல்லது நின்றுவிடும். ஒரு கட்டிலின் கவ்வி மறுகட்டிலின் பம்பிக்குக் கட்டளையிடலாம். கள்வர் வலைவழியே நுழையலாம். அமெரிக்க உணவு மருந்து நிருவாகம் 2017இல் உற்பத்தியாளருக்குத் தந்த வழிகாட்டல் இவற்றையெல்லாம் முன்கூட்டியே எண்ணுமாறு கேட்கிறது.

நம் கரையோரத்துக்கு இது தூரத்துச் செய்தியன்று. கல்முனையிலே வடக்கு ஆதார வைத்தியசாலையும் அஷ்ரப் ஞாபகார்த்த வைத்தியசாலையும் ஒரே நகரிலே நிற்கின்றன. 2004இன் ஆழிப்பேரலைக்குப் பின்னும் பெருந்தொற்றுக் காலத்திலும் பல நாடுகளிலிருந்து உதவிகள் இலங்கைக்கு வந்தன. நன்கொடையாக வருங் கருவியின் செருகியே நம் குதையிற் பொருந்தாமையைக் கண்டவர் பலர். மொழி பொருந்தாமையைக் கண்டவர் சிலர். உலக சுகாதார தாபனம் 2011இற் கருவி நன்கொடைகளைப் பற்றி வெளியிட்ட கைந்நூல், கொடுப்பவரின் வசதியையன்று, பெறுபவரின் தேவையையே முதலில் வைக்கிறது. நம் நாட்டில் மருத்துவக் கருவிகளைப் பதிவுசெய்யும் அதிகாரம் 2015ஆம் ஆண்டின் 5ஆம் இலக்கச் சட்டத்தால் தேசிய ஒளடத ஒழுங்குபடுத்தல் அதிகாரசபைக்கு உண்டு. கேள்விப்பத்திரத்திலே விலையோடும் உத்தரவாதத்தோடும், ‘இக்கருவி எந்தப் பொதுநியமத்திற் பேசும்?’ என்னும் ஒரு வரியையுஞ் சேர்த்தாற் செலவு பெரிதாகாது. அவ்வரியை எழுதவும், வரும் விடையைச் சோதிக்கவும் அறிந்தவர் வேண்டும். கொழும்புப் பல்கலைக்கழகத்தின் பட்டப்பின் மருத்துவ நிறுவகம் 2009இலிருந்து வைத்தியர்களுக்கு உயிரியல் மருத்துவத் தகவலியல் கற்பித்து வருகிறது. மொறட்டுவையில் உயிரியல் மருத்துவப் பொறியியல் உண்டு. கணிதப் பிரிவிலிருக்கும் நம் மாணவர், மேற்சொன்ன 22 மில்லிமீற்றர்க் கணக்கைத் தாமே ஒருமுறை செய்துபார்ப்பாராக. கட்டில் தாழ்த்தப்படின் விடை எத்திசையிற் பிழைக்கும் என்பதையும் அவர்களே கண்டுகொள்ளட்டும்.